அமெரிக்காவில் பட்டாசு வெடிக்க: கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை, வரிசையாக

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டி ஜூன் கடைசியிலும், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் புதிதாக வந்த குடும்பங்களிடமிருந்து எனக்குப் போன் வரும். முதல் கேள்வி எப்போதும் "எந்தக் கடையில் மலிவு?" என்பதுதான். அது எட்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கடையில் ஆரம்பிப்பவர்கள்தான் வாங்கியதை வெடிக்க இடமில்லாமல் கராஜில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. அதனால் இந்த வரிசையைத் தவறு செய்தே கற்றுக்கொண்டேன். நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வரிசை இதுவேதான், விடைகள்தான் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெடிக்கப் போகும் இடத்தின் முழு முகவரி. வாடகை வீடு என்றால் குத்தகை ஒப்பந்தம், சொந்த வீடு என்றால் ஹெச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிப்புத்தகம். வயதைக் காட்ட ஓர் அடையாள அட்டை. ஓர் அளவு நாடா. அது எதற்கு என்று ஏழாவது படியில் தெரியும். அப்புறம், குறைந்தது இரண்டு வாரம் அவகாசம். டவுன்ஷிப் (உள்ளூராட்சி) அலுவலகத்தில் கேட்டால் அன்றே பதில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

1. வாங்கும் ஊரை விடுங்கள், வெடிக்கும் ஊரைப் பாருங்கள்

"கடைக்காரர் லீகல்தான் என்றாரே?" இதைச் சொல்லாத புதியவர் இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மாநிலத்தில் அவர் விற்பது சட்டப்படி சரி. உங்கள் ஊரில் நீங்கள் கொளுத்துவது சரியா என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இந்தக் கூத்து ஒரு காலத்தில் சட்டத்திலேயே இருந்தது. பென்சில்வேனியாவில் 2017 வரை பெரிய பட்டாசுகளை வெளிமாநிலத்தாருக்கு விற்கலாம், உள்ளூர்க்காரருக்கு விற்கக் கூடாது. ஒஹாயோவில் 2022 வரை, 48 மணி நேரத்துக்குள் மாநிலத்தைவிட்டு எடுத்துப் போய்விடுவேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், வீட்டுக் கொல்லையில் வெடித்தார்கள். விற்பனைச் சட்டமும் பயன்பாட்டுச் சட்டமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எனவே ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: மாநிலம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகரம் அல்லது டவுன்ஷிப், நிலத்தின் சொந்தக்காரர். தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். தபாலுக்கு ஓர் ஊரும் நிர்வாகத்துக்கு வேறோர் ஊருமாக இருப்பது இங்கே சகஜம். வீட்டு வரி ரசீதில் இருக்கும் பெயரே சரியான பெயர்.

2. நம் பட்டாசுக்குச் சட்டம் வைத்த பெயரைக் கண்டுபிடியுங்கள்

சட்டத்தில் "பட்டாசு" என்று ஒரே பொருள் கிடையாது. நாம் ஒரே பையில் போடுவதை அவர்கள் மூன்று நான்கு பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவு புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் பெட்டி விளையாட்டுச் சாமான்: பாம்பு மாத்திரை, தரையில் எறிந்தால் 'டப்' என்னும் ஸ்நாப்பர், புகை உருண்டை. இரண்டாவது, பொறி மட்டும் தருபவை: கம்பி மத்தாப்பு, புஸ்வாணம். நம் புஸ்வாணத்துக்கு இங்கே ஃபவுன்டன் என்று பெயர். மூன்றாவது, வெடிப்பவையும் மேலே போகிறவையும்: சரவெடி, ராக்கெட், ஒரு குழலிலிருந்து தீயுருண்டைகளை வீசும் ரோமன் கேண்டில், பல குழல்களை ஒட்டிய கேக். நம்மூரில் 'ஷாட்' என்று சொல்வதுதான் இங்கே கேக். பல மாநிலச் சட்டங்களில் 'கன்ஸ்யூமர் ஃபயர்வொர்க்ஸ்' என்று படித்தால் இந்த மூன்றாம் பெட்டியைத்தான் குறிக்கிறார்கள். மத்தாப்பு அதில் சேராது. தரைச் சக்கரம் மட்டும் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பெட்டியில் விழும். அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

நான்காவது பெட்டி, யார் கையிலும் இருக்கக் கூடாதவை. தரையில் வெடிக்கும் ஒரு வெடிக்குள் 50 மில்லிகிராமுக்கு மேல் வெடிமருந்து இருக்கக் கூடாது என்பது கூட்டாட்சி அரசின் விதி. எம்-80, செர்ரி பாம் போன்ற பெரிய வெடிகள் இதைத் தாண்டுவதால் 1966 முதலே தடை. நம் அணுகுண்டும் லட்சுமி வெடியும் இந்த அளவுக்குள் வராது. ஆகவே "ஊரிலிருந்து வரும்போது நாலு பெட்டி கொண்டு வா" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, கம்பி மத்தாப்புகூட அனுமதி இல்லை.

3. மாநிலம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

உங்கள் மாநிலத்தின் ஃபயர் மார்ஷல் (தீப் பாதுகாப்பு அதிகாரி) அலுவலக இணையதளத்துக்கு நேராகப் போங்கள். "50 மாநிலச் சட்டங்கள் ஒரே பக்கத்தில்" என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் பழசு. அவற்றில் பல பட்டாசுக் கடைகளே போடுபவை.

ஒரு முனையில் மாசசூசெட்ஸ். அங்கே கம்பி மத்தாப்புகூடக் கூடாது. வேறு மாநிலத்தில் சட்டப்படி வாங்கிக் கொண்டு வந்தாலும் தவறுதான். வைத்திருப்பதற்கும் கொளுத்துவதற்கும் அபராதம் 10 முதல் 100 டாலர், பட்டாசும் பறிபோகும். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் 21 வயதானால் வாங்கலாம். பாஸ்டன் பக்கம் குடிவந்த நம்மவர்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வாங்கி வந்து மாட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

நடுவில் நியூ ஜெர்சி. 2017 முதல் மத்தாப்பு, தரைப் பொறி, ஸ்நாப்பர், புகை உருண்டை எல்லாம் சரி. வாங்குபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். சரவெடி, ராக்கெட், ரோமன் கேண்டில் கூடாது. என் அனுபவத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இந்த அளவே போதும். நான் கேக் வாங்குவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

கலிஃபோர்னியா இன்னொரு மாதிரி. மாநில ஃபயர் மார்ஷலின் 'சேஃப் அண்ட் சேன்' முத்திரை உள்ளவை மட்டுமே, அதுவும் அனுமதிக்கும் ஊர்களில் மட்டுமே. வெடிப்பது, வானில் போவது, தரையில் தாறுமாறாக ஓடுவது எதுவும் ஆகாது. கோடை விற்பனைக் காலம் ஜூன் 28 நண்பகல் முதல் ஜூலை 6 நண்பகல் வரை.

மறுமுனையில் பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா போன்றவை. மூன்றாம் பெட்டியும் வாங்கலாம். ஆனால் "எல்லாம் லீகல்" என்று கேட்டதோடு படிப்பதை நிறுத்தினால் அடுத்த நான்கு படிகளில் ஒன்றில் கால் இடறும்.

4. ஊர் விதி மாநில விதியை இறுக்கலாம்

பல மாநிலங்களில் மாநிலம் கொடுத்ததை ஊர் பறிக்கலாம். மாநிலம் தடுத்ததை ஊர் கொடுக்க முடியாது. இந்த ஒருவழிப் பாதையை நினைவில் வையுங்கள். இரண்டு விதிகள் முட்டினால் கடுமையானதை எடுத்துக்கொண்டால் வம்பில்லை.

நியூயார்க் மாநிலத்தில் பல கவுண்டிகளில் பொறி வகை அனுமதி. நியூயார்க் நகருக்குள் மத்தாப்புகூடக் கூடாது. இல்லினாயில் மத்தாப்பு சரி, சிகாகோவில் சரியில்லை. ஒஹாயோ திறந்துவிட்ட பிறகும் கொலம்பஸ் நகரம் தன் தடையை வைத்துக்கொண்டது. டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகக் கடைகள் தெரியும். அவை நகர எல்லைக்கு வெளியே இருப்பதைக் கவனித்தீர்களா? பெரும்பாலான நகரங்கள் உள்ளே தடை செய்திருப்பதால்தான் கடை வெளியே நிற்கிறது. அங்கே வாங்கி, நகருக்குள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்தால் நீங்களே போய்த் தடையை வாங்கி வந்த கதை.

எப்படிக் கேட்பது? ஊரின் தீயணைப்புத் துறைக்கு, அவசர எண்ணை விட்டுவிட்டு அலுவலக எண்ணுக்குப் போன் செய்யுங்கள். "பட்டாசு வெடிக்கலாமா?" என்று கேட்டால் "கூடாது" என்றுதான் பதில் வரும், சொல்பவருக்கு அது பாதுகாப்பான பதில். பெட்டியின் பெயர், தேதி, முகவரி மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்: "தரையில் வைக்கும் ஃபவுன்டன், இந்தத் தேதி இரவு, இந்த முகவரியில், எங்கள் டிரைவ்வேயில், ஊர் ஆர்டினன்ஸில் (உள்ளூர்ச் சட்டத்தில்) தடை உண்டா?" மின்னஞ்சலில் பதில் வாங்கினால் இன்னும் நல்லது.

5. நிலம் யாருடையது?

பூங்கா, பள்ளி மைதானம், கோயில் வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பார்த்ததும் "திறந்த இடம், யாருக்கும் தொந்தரவில்லை" என்று தோன்றும். அவை ஒருவருடைய இடம். பென்சில்வேனியாவில் உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல், தனியார் நிலமானாலும் பொது நிலமானாலும், வெடிப்பது குற்றம். தேசியப் பூங்காக்களில் பட்டாசுக்கு இடமே இல்லை.

அபார்ட்மென்ட் வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். மாநிலமும் ஊரும் அனுமதித்தாலும் குத்தகையில் ஒரு வரி இருந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாலு மத்தாப்புக்காக வளாக நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியது. அபராதம் இல்லை, ஆனால் குத்தகையைப் புதுப்பிக்கும்போது அந்தக் கடிதம் மேசையில் இருந்தது.

6. நாளும் நேரமும்

இங்கேதான் நம் பண்டிகையும் அவர்கள் காலண்டரும் முட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் ஜூலை 4-ஐயும் புத்தாண்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஒஹாயோ சட்டம் வெடிக்க அனுமதிக்கும் நாட்களின் பட்டியலில் தீபாவளி பெயரோடு இருக்கிறது. யூட்டாவும் தீபாவளியைச் சேர்த்திருக்கிறது. சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல், சனிக்கிழமை. தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால் நாம் கொண்டாட்டத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளுவோம். சட்டம் தள்ளாது. அனுமதி தீபாவளிக்கு, உங்கள் தமிழ்ச் சங்க விழாவுக்கு அல்ல. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தீபாவளி ஒரு நாளும் வடக்கத்தியர் லட்சுமி பூஜை மறுநாளும் வரும். அந்த ஆண்டுகளில் ஊர் எந்தத் தேதியை எடுத்துக்கொள்கிறது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இரண்டாவது சிக்கல், விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இருட்டு கலையும் முன் முதல் வெடி வைப்பதுதான் நம் வழக்கம். பென்சில்வேனியாவில் பெரிய பட்டாசுக்குக் காலை 10 முதல் இரவு 10 வரைதான் நேரம். ஜூலை 4-ஐ ஒட்டிய இரவுகளிலும் டிசம்பர் 31-லும் மட்டும் 1 மணி வரை நீளும். மற்ற ஊர்களிலும் சத்தக் கட்டுப்பாடு ஏதாவது ஒன்று இருக்கும். விடியற்காலைக்கு வாசலில் விளக்கும் பலகாரமும், மாலைக்கு மத்தாப்பும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே அக்டோபர் கடைசியில் ஏழு மணிக்கே நன்றாக இருட்டிவிடும். ஏழிலிருந்து எட்டரைக்குள் முடித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வேடிக்கை பார்க்க வரும்.

கடைசியாக, அன்று காலையில் தீத் தடை உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். வறட்சியில் கவுண்டி தடை போட்டால் முதல் ஐந்து படிகளில் வாங்கிய அனுமதி எதுவும் செல்லாது. கலிஃபோர்னியாவில் இலையுதிர் காலம் காட்டுத்தீக் காலமும்கூட.

7. அடிக்கணக்கு: நாடாவை எடுங்கள்

பென்சில்வேனியாவில் மூன்றாம் பெட்டியை எந்தக் கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் 150 அடிக்குள் வெடிக்கக் கூடாது. கட்டடம் உங்களுடையதே ஆனாலும் இதே விதி. 150 அடி என்றால் ஏறக்குறைய 46 மீட்டர். படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. கணக்குப் போடுங்கள்.

நடுவில் நின்று நான்கு பக்கமும் 150 அடி வேண்டுமென்றால் 300 அடிக்கு 300 அடி வெற்றிடம் தேவை. அது 90,000 சதுர அடி, இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். புறநகரில் சாதாரணமாகக் கிடைக்கும் கால் ஏக்கர் மனை 10,890 சதுர அடிதான், அதிலும் நடுவில் வீடு. ஆக, "லீகல்" மாநிலத்தில் இருந்தும் உங்கள் கொல்லையில் ஒரு கேக்கூட வைக்க முடியாது. இந்தத் தூரம் எங்குமே கிடைக்காத ஊர், அவற்றை முழுதாகவே தடை செய்யலாம் என்று 2022 திருத்தம் சொல்கிறது. மீறினால் முதல் முறை 500 டாலர் வரை அபராதம்.

அதே மாநிலத்தில் மத்தாப்பும் ஃபவுன்டனும் இந்தப் பிரிவுக்குள் வராததால், மாநிலச் சட்டத்தின் 150 அடி அவற்றுக்கு இல்லை. இரண்டாம் படியில் பெட்டி பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். டெக்சஸில் இதே கணக்கு வேறு உருவில் வரும்: பள்ளி, தேவாலயம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 600 அடி.

8. இப்போது கடை

தற்காலிகக் கூடாரங்கள் ஜூலையோடு மடிந்துவிடும். தீபாவளிக்கு வருடம் முழுவதும் திறந்திருக்கும் கட்டடக் கடைதான் வழி. ஜூலை 5-க்குப் பிறகு வரும் தள்ளுபடியில் வாங்கி வைப்பவர்கள் உண்டு. வைப்பதானால் உலர்ந்த இடம், ஹீட்டருக்கும் கார் பெட்ரோலுக்கும் எட்டாத இடம்.

விலைச் சீட்டில் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று இருக்கும். சிவகாசி விலைப்பட்டியலில் 80 சதவீதத் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல; பாதி விலைதான் உண்மை விலை. பென்சில்வேனியாவில் மூன்றாம் பெட்டிக்கு வழக்கமான விற்பனை வரி போக 12 சதவீதம் தனி வரி உண்டு; பில்லைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

உறையில் தயாரிப்பாளர் பெயரும் எச்சரிக்கை வாசகமும் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புத் தாள் சுற்றி எதுவும் எழுதாமல் யாராவது கார் டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் தொடக்கூட வேண்டாம். பற்றவைக்க 'பங்க்' என்ற குச்சியைக் கவுண்டரில் கேளுங்கள், பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். நம் ஊதுபத்திக்குச் சமம்.

9. வீட்டுக்குக் கொண்டு வருவது

பாலத்தைத் தாண்டுவதுதான் அதிக ஆபத்து. பட்டாசைத் தடுக்கும் மாநிலத்துக்குள் அங்கே சட்டவிரோதமாகப் பயன்படுத்தத் தெரிந்தே கொண்டு போவது கூட்டாட்சிச் சட்டப்படியும் குற்றம். ஓராண்டு வரை சிறை சாத்தியம். தபாலில் அனுப்ப முடியாது, ஆம்ட்ராக் ரயிலிலும் ஏற்றக் கூடாது.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அபராதச் சீட்டு நூறு டாலர்தானே என்று கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் கைது மட்டுமல்ல, சைட்டேஷன் (இப்படிப்பட்ட அபராதச் சீட்டு) வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். சீட்டு வந்தால் அதன் நகலையும் கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

10. வெடிக்கும் மாலை

அக்டோபரில் புல்வெளி முழுக்கக் காய்ந்த இலை. பக்கத்து வீட்டு வாசலில் ஹாலோவீன் பண்டிகைக்காக வைக்கோல் கட்டும், சோளத்தட்டையும். முதலில் இலையைக் கூட்டுங்கள், அப்புறம் தோட்டக் குழாயை இழுத்து வந்து தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். குளிருக்கு முன்பே வெளிக்குழாயை அடைத்து வைத்திருப்பார்கள். திறந்து பார்க்காமல் இருந்தால் அவசரத்தில்தான் தெரியும்.

பிள்ளைகளுக்குப் பருத்தி உடை. பட்டுப்பாவாடை புகைப்படத்துக்கு, மத்தாப்புக்கு அல்ல. மத்தாப்பின் நுனி சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். எரிந்து முடிந்த கம்பியை மிதிப்பதில்தான் எங்கள் தெருவில் காயங்கள் வந்தன. கம்பி போட ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஃபவுன்டனைச் சமதளத்தில் வைத்து, கை நீட்டிப் பற்றவைத்து விலகுங்கள். திரி 3 முதல் 9 வினாடி வரை எரிய வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் காத்திருந்தும் எரியவில்லையென்றால் குனிந்து பார்க்காதீர்கள், மறுபடி பற்றவைக்காதீர்கள். இருபது நிமிடம் விட்டு, தண்ணீரில் போடுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு முந்தின நாளே ஒரு சீட்டும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுங்கள். நாய் வளர்ப்பவர் நேரம் தெரிந்தால் அதை உள்ளே வைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் இது தொடங்கிய பிறகு போலீஸுக்குப் புகார் போகவில்லை.

அப்படியும் போலீஸ் வந்தால், ஒருவர் மட்டும் பேசுங்கள். பற்றவைப்பதை நிறுத்திவிட்டு, தீயணைப்புத் துறையிலிருந்து வந்த மின்னஞ்சலையும் கடை ரசீதையும் காட்டுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். சரி தவறை மறுநாள் டவுன்ஷிப் அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்.

11. மறுநாள் காலை

எரிந்த கூடுகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஊறாமல் போட்டால் தொட்டிக்குள் கனன்று கராஜ் வரை போகும். வெளிச்சத்தில் ஒருமுறை புல்வெளியைச் சுற்றி வந்து கம்பிகளைப் பொறுக்குங்கள். பக்கத்து வீட்டுப் பக்கமும் விழுந்திருக்கும், அதையும் சேர்த்து.